எங்கள் வீட்டு அம்மிக்கு வயது 250 கோடி!

போன தை மாதம் நாங்கள் வீடு மாறினோம். திருவொற்றியூரில் கடலைப் பார்த்த பழைய வீட்டை விட்டுவிட்டு, விம்கோ நகர் பக்கம் மூன்றாவது மாடியில் ஒரு பிளாட்டுக்குக் குடிபோனோம். உப்புக் காற்றில் பழைய வீட்டுச் சுவரெல்லாம் பொரிந்து உதிர ஆரம்பித்துவிட்டது. இனி பூசிப் பிரயோஜனமில்லை என்று கொத்தனாரே கைவிரித்துவிட்டார். சாமான்களையெல்லாம் மூட்டை கட்டி வேனில் ஏற்றிய பிறகு, கொல்லைப்புறத்தில் ஒரே ஒரு சாமான் மிச்சமாக நின்றது. அம்மி!

"இது எதுக்கு? மிக்ஸி இருக்கு, கிரைண்டர் இருக்கு. மூணு மாடி யார் தூக்கறது? இங்கேயே கிடக்கட்டும்" என்றார் என் கணவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேன்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தனியாக 300 ரூபாய் கேட்டார்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியாருக்கு வந்ததே கோபம்! "அத்தப் போயா விட்டுட்டு வரச் சொல்றே? சமுத்திரம் சமையக்கட்ட எடுத்துக்கினு போச்சே, அன்னிக்கு ராத்திரி நானும் உங்கப்பாவும் உருட்டிக்கினு வந்த அம்மிடா அது. அது வந்தாத்தான் நானும் வருவேன்" என்று தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த அமர்க்களத்தின் நடுவில் என் மகள் கையில் புத்தகத்தோடு வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மறுநாள் சமூக அறிவியல் பரீட்சை. பாறைகளைப் பற்றிய பாடம். "பாட்டி, நம்ம அம்மி என்ன பாறை? தீப்பாறையா, படிவுப் பாறையா, உருமாறிய பாறையா?" என்று கேட்டாள்.

"அம்மிப் பாறை! போடி அந்தாண்டை" என்றார் மாமியார்.

எனக்கும் பதில் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பார்த்த கல்; எத்தனை நாள் மிளகாய் அரைத்துக் கை எரிந்திருக்கிறது! அது என்ன கல், எங்கே பிறந்தது என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா? அன்று ராத்திரி, கட்டுப் பிரிக்காத மூட்டைகளின் நடுவில் உட்கார்ந்து மகளின் புத்தகத்தை நானே படித்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். புரிந்த மட்டும் புரிந்தது. புரியாததை மகளின் டீச்சரிடமும், நூலகத்திலிருந்து எடுத்த இரண்டு புத்தகங்களிலும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

சகோதரிகளே, கல் என்றால் அசையாதது, மாறாதது என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? 'கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கான்' என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். வாஸ்தவத்தில் கல் ஓயாமல் பிரயாணம் செய்துகொண்டே இருக்கிறது. உருகுகிறது, உறைகிறது, உடைகிறது, மணலாகிறது, மறுபடி கல்லாகிறது, பூமிக்குள் போய் வெந்து வேறு கல்லாகிறது. உட்கார்ந்து பார்க்க நமக்குத்தான் ஆயுசு போதவில்லை.

முதலில் தீப்பாறை. பூமிக்கு அடியில் சில இடங்களில் பாறை உருகிக் குழம்பாக இருக்கிறது. அது ஆறி உறைந்தால் தீப்பாறை. இதை மகளுக்குக் கற்கண்டை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். சர்க்கரைப் பாகை ஆட்டாமல் அசைக்காமல் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் வைத்தால் பெரிய பெரிய கட்டியாகக் கற்கண்டு படியும். அதே பாகை அவசரமாகக் கிளறி ஆறவிட்டால் மணல் மணலாகப் பூத்துப்போகும். கல்லும் அப்படியே! ஆழத்தில் லட்சக்கணக்கான வருஷம் மெதுவாக ஆறினால் கண்ணுக்குத் தெரிகிற பெரிய மணிகளோடு கிரானைட். நம் சமையல் மேடைக் கல்லில் சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி தெரிகிறதல்லவா, அந்த மணிகள்தான். (கடையில் கிரானைட் என்று விற்கிற கன்னங்கரேல் கற்களில் பல வேறு ஜாதியாம். கடைக்காரர் சொல்ல மாட்டார்.) எரிமலையிலிருந்து வெளியே கொட்டிச் சட்டென்று ஆறினால் பொடி மணியாக, கறுப்பாக, பசால்ட். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியில் அப்படி எரிமலைக் குழம்பு கொட்டி அடுக்கடுக்காக உறைந்தது. அஜந்தா, எல்லோரா குகைகளைக் குடைந்திருப்பது அந்தக் கல்லில்தான்.

அடுத்தது படிவுப் பாறை. ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீரும் ஒரு பிடி தோட்டத்து மண்ணும் போட்டுக் குலுக்கி வையுங்கள். சிறு குழந்தைகள் இருக்கிற வீட்டில் மழை நாளுக்கு நல்ல பொழுதுபோக்கு! பருமணல் முதலில் அடியில் உட்காரும், அதன்மேல் பொடி மணல், கடைசியில் வண்டல். ஆறு கடலில் கொண்டுபோய்க் கொட்டுவதும் இப்படித்தான் அடுக்கடுக்காகப் படிகிறது. மேலே பாரம் ஏற ஏற, அடியில் இருப்பது இறுகிக் கல்லாகிவிடுகிறது. சங்கும் சிப்பியும் செத்துப் படிந்தால் சுண்ணாம்புக்கல். அரியலூர்ப் பக்கம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அந்தக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் அங்கே சிமென்ட் செய்கிறார்கள். எங்கள் புது பிளாட்டின் சுவரிலும் ஏதோ ஒரு பழைய கடலின் சிப்பி இருக்கக்கூடும்! பெரியவர்கள் பூஜையில் வைக்கிற சாளக்கிராமத்தில் சக்கரம் தெரிகிறதே, அதுவும் ஒரு கடல் பிராணியின் ஓடு பதிந்த கல்தான். கிடைப்பதோ நேபாளத்தில், கண்டகி ஆற்றில். கடல் தரை இமயமலையாக எழும்பியதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எவரெஸ்ட் உச்சியே கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் என்கிறார்கள்.

இந்துப்பும் படிவுப் பாறைதான். வற்றிப்போன கடலின் உப்பு. நிலக்கரியும் அதில் சேர்த்திதான். ஒடிஷாவின் தால்ச்சேரிலிருந்து கப்பலில் எண்ணூருக்கு வருகிறதே, அது 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய காட்டு மரங்கள் புதைந்து ஆனது. இராயபுரத்தில் என் அம்மா வீட்டில் ஒரு காலத்தில் வெள்ளைத் துணியை மாடியில் உலர்த்த முடியாது. 2011-ல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்துக்கு வந்த நிலக்கரி எண்ணூருக்கு மாறிப்போயிற்று. இராயபுரத்துக் கொடி வெளுத்தது. எண்ணூர்ப் பெண்கள்தான் இப்போது துணியை உள்ளே உலர்த்துகிறார்கள்.

மூன்றாவது உருமாறிய பாறை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏற்கெனவே கல்லாக இருப்பது பூமிக்குள் ஆழத்தில் மாட்டிக்கொண்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து வேறு கல்லாவது. உருகுவதில்லை, வேகிறது. அரிசி மாவு வெந்து கொழுக்கட்டை ஆகிறதில்லையா? கரையவும் இல்லை, உருகவும் இல்லை. ஆனால் அது இனிமேல் பழைய மாவு ஆகுமா? அந்த மாதிரி. சுண்ணாம்புக்கல் வெந்தால் சலவைக்கல். வண்டல் வெந்தால் சிலேட்டுக் கல். நம் காலத்துச் சிலேட்டுகள் பெரும்பாலும் ஆந்திராவில் மார்க்காபூரிலிருந்து வந்தவை. (சிலேட்டு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உங்கள் குழந்தை பல்பத்தையோ மண்ணையோ சுவரையோ சுரண்டித் தின்றால் அடிக்காதீர்கள். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தாலும் அப்படித் தின்னத் தோன்றும். டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.) வற்றல் குழம்புக்கு நாம் வைத்திருக்கிற சேலத்துக் கல்சட்டி கூட உருமாறிய கல்தான். மாக்கல் என்பார்கள். நகத்தால் கீறினாலே கோடு விழும் அத்தனை மிருது.

அப்படியானால் எங்கள் அம்மி?

மகள் அதை போனில் படமெடுத்து டீச்சரிடம் காட்டினாள். "நீலம் கலந்த கறுப்பா இருக்கே. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் மாதிரி தெரியுது. ஒரு லீவு நாள் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய் மலையையே பார்த்துட்டு வா" என்று அவர் சொல்லி அனுப்பினார். மாமியாரிடம் கேட்டால், "ஆமாம்மா. எங்க மாமனாரு பல்லாவரத்துலேந்து மாட்டு வண்டியில ஏத்தியாந்தாருன்னு சொல்லுவாங்க" என்கிறார். இத்தனை வருஷமாக ஏன் அத்தை சொல்லவில்லை என்றால், "யாரு கேட்டீங்க?" என்கிறார். வாஸ்தவம்தானே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, பரங்கிமலையில் இறங்கினோம். படிக்கட்டு ஏறி மேலே போனால் பழைய மாதா கோயில். அங்கிருந்து மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது கைக்கெட்டுகிற தூரத்தில் தெரிகிறது. சின்னவள் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாறையைப் பார்த்தேன். வெயில் படாத, புதிதாக உடைந்த பக்கத்தில் எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு. அச்சு அசலாக எங்கள் அம்மி!

இந்தக் கல்லுக்கு உலகம் முழுக்கப் படிப்பாளிகள் வைத்திருக்கும் பெயர் 'சார்னோகைட்'. பெயர் வந்த கதை தமாஷானது. கல்கத்தாவோடு பெயர் சேர்த்துப் பேசப்படுகிற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக் 1693 ஜனவரியில் இறந்துபோனார். கல்கத்தாவைச் சுற்றிலும் வெறும் வண்டல் மண். நல்ல கல் கிடையாது. ஆகவே அவர் சமாதிக்கு எழுத்துப் பொறிக்கிற கல் நம் சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலில் போனது. 200 வருஷம் கழித்து, 1893-ல், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல் அறிஞர் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னாக் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் சமாதிக்குள் இருந்தவருடையது! பரங்கிமலையில் உள்ள பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. சென்னையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது.

இதன் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. இருபதிலிருந்து முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரிச் சூட்டில் வெந்த கல். நாம் அப்பளம் பொரிக்கிற எண்ணெயே 200 டிகிரிக்குள்தான். அவ்வளவு ஆழத்தில் வெந்தது எப்படி மேலே வந்தது? இதற்குப் பதில் என் கணவர் மூலமாகத்தான் எனக்கு விளங்கியது. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர் அவர். "கப்பல்லேந்து சரக்கு இறக்க இறக்க, கப்பல் மெதுவா மேலே எழும்பும். தண்ணிக் கோட்டைப் பார்த்தாலே எவ்வளவு இறக்கியாச்சுன்னு சொல்லிடலாம்" என்றார். பூமியும் அப்படியே. மேலே மூடியிருந்த பாறையை மழையும் வெயிலும் காற்றும் கோடிக்கணக்கான வருஷமாகக் கரைத்து இறக்க இறக்க, அடியில் இருந்தது மெல்ல மெல்ல எழும்பி வந்துவிட்டது. பரங்கிமலை என்பது அப்படிச் சரக்கு இறக்கிய கப்பலின் அடித்தட்டு.

சரி, இறக்கிய சரக்கு எங்கே போயிற்று? அதுதான் எங்கள் கடற்கரைக் கதை.

வெயிலில் கல் விரிகிறது, ராத்திரியில் சுருங்குகிறது. வெங்காயச் சருகு போலத் தோல் உரிகிறது. விரிசலில் மழைத் தண்ணீர் இறங்குகிறது. மழைத் தண்ணீரில் கொஞ்சம் புளிப்பு உண்டு. கல்லில் உள்ள சில மணிகள் அதற்குத் தாங்காமல் களிமண்ணாகிவிடுகின்றன. எதற்கும் அசையாதது குவார்ட்ஸ் என்கிற வெள்ளை மணி. அது உதிர்ந்து ஆற்றோடு உருண்டு கடலுக்கு வருகிறது. அதைத்தான் மணல் என்கிறோம். ஒரு நாள் மகள் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தாள். மணலில் ஆங்காங்கே கறுப்பாகக் கோடு போட்டிருக்குமே, அதன்மேல் காந்தத்தை வைத்ததும் மீசை முளைத்தாற்போல ஒட்டிக்கொண்டது! அது இரும்புச் சத்துள்ள மணி. சார்னோகைட் போன்ற மலைக் கற்களிலிருந்து உதிர்ந்து வந்தது. பக்கத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது கார்னெட். நவரத்தினத்தில் கோமேதகம் இருக்கிறதல்லவா, அதே ஜாதி. கோமேதகத்தின் ஏழைத் தங்கைகள் காலில் மிதிபட்டுக் கிடக்கின்றன.

இந்த மணல் வந்த இடத்தில் நிற்பதில்லை. வருஷத்தில் ஏழெட்டு மாதம் தென்மேற்குக் காற்றில் அலை சாய்வாக அடித்து, மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று அடிக்கும்போது கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதே அதிகம். வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படி நடந்து போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு!

அந்த ஆற்றின் குறுக்கே சென்னைத் துறைமுகத்தின் சுவர் எழும்பியது. 1875 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 1881 நவம்பர்ப் புயல் கட்டியதில் பாதியைச் சாய்த்தது, திரும்பக் கட்டினார்கள். சுவர் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வந்த மணல் அதன் தென்புறமே தேங்க ஆரம்பித்தது. ஒரு காலத்தில் கோட்டை மதிலருகே அடித்த கடல் எவ்வளவோ தூரம் தள்ளிப் போயிற்று. இன்றைக்கு மெரினாவில் நாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெகு தூரம் நடந்து அலையைத் தொடுகிறோமே, அந்த அகலம் பெரும்பாலும் அப்படிச் சேர்ந்ததுதான். சரி, வடக்கே? இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் அலை மணலை எடுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. புது மணல் வருவது மட்டும் நின்றுவிட்டது. சம்பளம் வராமல் செலவு மட்டும் நடக்கிற வீடு என்ன ஆகும்?

துறைமுகத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே அதனால்தான். ஆனால் என் மாமியார் கல்யாணமாகி வந்தபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு தெருவும், ஒரு தென்னந்தோப்பும், பெண்கள் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்து கதை பேச மணல் திட்டும் இருந்தனவாம். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. முதலில் திட்டு, பிறகு தோப்பு, பிறகு ஒரு தெரு. ஒரு ஐப்பசி மாதம் அமாவாசையை ஒட்டிய ராத்திரியில் சமையற்கட்டின் பின்சுவர் சாய்ந்தது. என் கணவருக்கு அப்போது ஆறு வயது. தண்ணீரில் பித்தளைக் குடம் மிதந்து போனதை இன்றும் சொல்லுவார். குடம் போயிற்று, அரிசிப் பானை போயிற்று, கல்யாணப் போட்டோ போயிற்று. அம்மி மட்டும் போகவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் அதை உருட்டிக்கொண்டு வந்தார்களாம். "எதுக்கு அத்தை, உயிரைப் பணயம் வைச்சு ஒரு கல்லை?" என்று நான் கேட்டதுண்டு. "வேற எது கையில தட்டுப்பட்டுச்சு? அதான் நின்ன எடத்துல நின்னுக்கினு இருந்துச்சு" என்றார்.

அப்புறம் லாரி லாரியாகக் கருங்கல் வந்து இறங்கியது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எங்கள் கரை இன்று கல் கரை. ஆள் உயரக் கற்கள். நான் கல்யாணமாகி வந்த பிறகும் ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கொட்டுவார்கள். அலை அடியிலிருந்து மணலை உருவ உருவ, பழைய கல் கீழே இறங்கிவிடும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கற்களை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். பல கற்கள் எங்கள் அம்மி நிறம்! மலையிலிருந்து ஆறு கொண்டுவர வேண்டிய மணல் வராததால், மலையையே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டிருக்கிறோம். தெற்கே இருப்பவர்களுக்குச் சுண்டல் விற்கிற கடற்கரை, எங்களுக்குக் கருங்கல். பிறகு கடலுக்குள் குறுக்கே நீட்டித் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். அவற்றின் இடுக்கில் சில இடங்களில் மணல் திரும்பவும் சேர்ந்திருக்கிறது. அந்தத் துண்டு மணலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்தால் மாமியாருக்கு முகம் மலரும்.

இன்னொரு பக்கம், ஆற்று மணல் கிடைக்கவில்லை என்று மலைக்கல்லை மெஷினில் போட்டு உடைத்து எம்-சாண்ட் என்று விற்கிறார்கள். மழையும் ஆறும் யுகக்கணக்கில் செய்கிற வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறோம்! அந்தப் பொடித் தூசியை வருஷக்கணக்கில் சுவாசிக்கிறவர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். மத்தியப் பிரதேசத்தில் மந்தசோரில் பல்பம் செய்கிறவர்கள் இதனால் பட்ட பாடு பிரசித்தம். போன நுரையீரல் திரும்பாது. கல் குவாரி, கிரஷர், கல் அறுக்கிற பட்டறை இவற்றில் வேலை செய்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு போகவிடாதீர்கள். தண்ணீர் தெளித்து வேலை செய்யவும், சரியான முகமூடி போடவும் சொல்லுங்கள். இருமல் விடாமல் இருந்தால் மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

மணலின் பிரயாணம் கரையோடு முடிவதில்லை. ஆழ்கடலுக்குப் போய்ப் படிகிறது. வங்கக் கடலின் அடியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த வண்டல் கிலோமீட்டர் கணக்கில் கனமாகக் கிடக்கிறது. நாம் நிற்கிற நிலமும் இந்தக் கடல் தரையுமாகச் சேர்ந்த பெரிய தட்டு, வருஷத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர், ஏறக்குறைய நம் நகம் வளர்கிற வேகத்தில், நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தமானுக்குப் பக்கத்தில் கடல் தரை இன்னொரு தட்டுக்கு அடியில் சரிந்து உள்ளே போகிறது. மேலே இருந்த வண்டலில் ஒரு பகுதி வழித்தெடுத்த மாவு மாதிரி விளிம்பில் ஒதுங்கி நிற்கிறது; அந்தமான் தீவுகளில் பெரும் பங்கு அப்படி ஒதுங்கியதுதான். மீதி உள்ளே போய்ச் சூடேறுகிறது. அதிலிருந்து கசிகிற தண்ணீர் பட்டு, மேலே உள்ள பாறை உருகி, குழம்பாகி, எரிமலையாக வெளியே வருகிறது. போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில் பாரன் தீவு. இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991-ல் விழித்துக்கொண்டு, அதற்குப் பிறகும் பல தடவை கக்கியிருக்கிறது. கடலில் படிந்தது மறுபடி தீப்பாறை ஆகிற இடம் இதுதான். எங்கள் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்கு மூன்று நாளில் கப்பலில் போகலாம். மணல் போவதற்குத்தான் கோடி வருஷம்.

இதை மகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று கை நின்றுபோயிற்று. தட்டு உள்ளே போகிறபோது எப்போதும் வழுக்கிக்கொண்டு போவதில்லை. மாட்டிக்கொள்ளும். பல வருஷம் முறுக்கேறி ஒரு நாள் விடுபடும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் சுமத்ராவிலிருந்து அந்தமான் வரைக்கும் விடுபட்டது அதே இடம்தான்.

அன்றைக்கு எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். பெரியவன் எட்டு மாதக் குழந்தை. அடுப்பில் இட்லி. வெளியே ஓடுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், கருங்கல் கரையைத் தாண்டித் தண்ணீர் சாலையில் வருகிறது. அலை மாதிரி இல்லை. பால் பொங்கி வழிகிற மாதிரி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, தேரடிப் பக்கம் ஓடினோம். எங்கள் தெரு முனையில் தண்ணீர் நின்றுவிட்டது. எல்லோருக்கும் அப்படி நிற்கவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள். எங்கள் பக்கத்துக் குப்பங்களில் படகையும் வலையையும் இழந்தவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வந்து பார்த்தபோது இட்லி கரிந்து வீடெல்லாம் புகை. மாமியார் நேரே கொல்லைப்புறம் போய் அம்மியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். நான் அப்போது சிரித்தேன்.

"அப்போ, அந்த அலையை அனுப்பினதும், பாட்டியோட அம்மியை ஆழத்துல வேக வைச்சதும் ஒரே மாதிரி வேலைதானாம்மா?" என்று கேட்டாள் மகள். டீச்சரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னாலும் தட்டுகள் இப்படித்தான் மோதினவா, வேறு மாதிரியா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். ஆனால் நிலம் நிலத்தை நெருக்கி, மேலிருந்தது ஆழத்துக்குப் போய் வெந்தது என்பது மட்டும் அந்தக் கல்லிலேயே எழுதியிருக்கிறதாம்.

அம்மி என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே! வேன்காரரிடம் பேரம் பேசி 200 ரூபாய்க்கு ஒப்புக்கொள்ள வைத்தேன். லிஃப்டில் அம்மி ஒரு தடவை, மாமியார் ஒரு தடவை ஏறினார்கள். இப்போது பால்கனியில் ஒரு கோணிச் சாக்கின்மேல் இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்று தினமும் அரைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு மட்டும் மாமியார் உட்கார்ந்து மசாலா அரைப்பார். நடுவில் பள்ளம் விழுந்து வழவழவென்று போயிருந்தது. மூன்று தலைமுறை மருமகள்கள் அரைத்து அரைத்துத் தேய்ந்த பள்ளம். தேய்ந்த கல் எங்கே போயிருக்கும் என்று மகள் கணக்குப் போட்டாள். வேறெங்கே, எங்கள் வயிற்றுக்குள்தான்!

போன வாரம் அதிசயமாகத் தெருவில் அம்மி கொத்துகிறவர் குரல் கேட்டது. இந்தப் பக்கம் அவரைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. மேலே கூப்பிட்டுக் கொத்தச் சொன்னோம். உளி பட்டதும் நெருப்புப் பொறி பறந்தது. தூசி பறக்காமல் இருக்க நான் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவரையும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேன். "நாப்பது வருசத்துல இப்படிச் சொன்ன மொத ஆள் நீங்கதாம்மா" என்று சிரித்தார். சிதறிய சில்லுகளில் பெரியதாக நாலைந்தை மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனாள்.

புதிதாகக் கொத்திய அம்மியில் உடனே மசாலா அரைத்துவிடாதீர்கள். தேங்காய் நார் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஊற வைத்த பச்சரிசியோ தவிடோ ஒரு கைப்பிடி வைத்து அரைத்து வழித்துக் கொட்டுங்கள். மறுபடி கழுவி மறுபடி அரையுங்கள். வழித்ததை விரலில் நெருடிப் பார்த்துக் கல் தட்டுப்படாமல் இருக்கிற வரைக்கும் இப்படிச் செய்ய வேண்டும். எங்களுக்கு நாலு தடவை ஆயிற்று. வழித்த மாவைக் காக்கைக்கு வைக்கப் போன என்னை மாமியார் தடுத்துவிட்டார். "கல்லுமா, அதுக்கு ஒத்துக்காதும்மா" என்றார். பூந்தொட்டியில் கொட்டினேன்.